பாதியில் இருந்த அத்தியாயத்தைப் பயிலரங்கில் வைத்தபோது

பிஎச்.டி. மூன்றாம் ஆண்டில் இருந்தேன். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றுத் துறையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஆய்வு மாணவர்கள் எழுதிக்கொண்டிருக்கிற, இன்னும் முடிக்காத கட்டுரையையோ அத்தியாயத்தையோ கொண்டுவரலாம், இரண்டு நாள் ஒர்க்‌ஷாப், ஒருவருக்கு நாற்பது நிமிஷம். 'முடிக்காத' என்ற சொல்லை நான் படித்தேன். ஆனால் அது என் மனதில் ஏறவே இல்லை. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் செமினார் என்றால் மேடை, பேனர், குத்துவிளக்கு, பத்து நிமிஷம் கட்டுரை வாசிப்பு, கடைசியில் சான்றிதழ். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதுவும் அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பெரிய இடம் என்பதால் கொஞ்சம் நன்றாகத் தயாரித்துக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். துறையில் எனக்கு முன்னால் இப்படி ஓர் இடத்துக்குப் போய்வந்தவர் யாரும் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

என் ஆய்வு தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றியது. 1876இல் மழை பொய்த்து 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம். நான் எடுத்துக்கொண்டது அன்றைய சேலம் மாவட்டம், இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்தது. 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.67 லட்சம் பேர் இருந்த மாவட்டம் அது. 1881இல் 16 லட்சம் பேர்தான் மிச்சம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்த எண்ணை முதல்முறை எழுதிக்கொண்ட அன்று என்னால் மதியச் சாப்பாடு சாப்பிட முடியவில்லை. பதினான்கு மாதம் வருவாய்த் துறைக் கோப்புகளில் கிடந்தேன். ஸ்லிப் எழுதிக் கொடுத்துக் காத்திருந்து, கட்டு வந்ததும் பிரித்து, விலைப்பட்டியல்களையும் நிவாரண முகாம் அறிக்கைகளையும் கையால் பெயர்த்து எழுதினேன். இன்னொரு பக்கம் பஞ்சத்தைப் பாடும் கும்மிப் பாட்டுகள். கோப்பில் இருக்கிற கஞ்சித்தொட்டியும் பாட்டில் இருக்கிற கஞ்சித்தொட்டியும் ஒன்றாக இல்லை. இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதுதான் எனக்கிருந்த உண்மையான குழப்பம். யாரிடமாவது உட்கார்ந்து அதைப் பேச வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழப்பத்தைத்தான் அனுப்பியிருக்க வேண்டும். நான் அனுப்பியது 62 பக்க முழு அத்தியாயம். அதுவும், ஐந்து வாரம் மெருகேற்றி. என் ஆங்கிலத்தை நினைத்து எனக்கு எப்போதும் பயம் உண்டு. அதனால் மொழி திருத்திக் கொடுக்கிற ஒருவரிடம் 11,200 ரூபாய் கொடுத்துத் திருத்தி வாங்கினேன். ஃபெல்லோஷிப் நான்கு மாதமாக வரவில்லை. மதினியிடம் கைமாத்தாக வாங்கிய பணம் அது. திரும்பி வந்த பிரதி வழுவழுவென்று அச்சுப் புத்தகம் போல இருந்தது. படிக்கப் பெருமையாகவும் இருந்தது. எனக்குத் தெரியாத இடங்களில் தயங்கித் தயங்கி எழுதியிருந்தேனே, 'இருக்கலாம்', 'எனக்கு இன்னும் பிடிபடவில்லை' என்று, அதெல்லாம் திருத்தத்தில் உறுதியான வாக்கியங்களாக மாறியிருந்தன. அதை நான் கவனிக்கவே இல்லை. பாதியில் இருக்கிற எழுத்தை அனுப்பப்போகிறீர்கள் என்றால் தயவுசெய்து மொழித் திருத்தத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். புரிகிற மாதிரி இருந்தால் போதும். அந்தச் செலவு கடைசியில், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது செய்ய வேண்டியது. முன்கூட்டிச் செய்தால் பணம் போவது மட்டுமில்லை, நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்கள் என்பது படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. உதவி செய்ய வந்தவருக்கு எங்கே கைகொடுப்பது என்று தெரியாது.

என் கைடு நல்ல மனிதர். ஆனால் அந்த மாதம் அவருக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. "நல்லா வந்திருக்கும்மா, அனுப்பிடு" என்றார். அனுப்பினேன்.

போய் இறங்கிய முதல் நாளே முதல் அடி. என் முறை வந்ததும் இருபது நிமிஷ உரைக்கான காகிதங்களோடு எழுந்தேன். தலைமை வகித்தவர், எல்லாரும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள், நீங்கள் ஐந்து நிமிஷம் மட்டும் பேசுங்கள், அப்புறம் டிஸ்கஸன்ட் பேசுவார் என்றார். அந்த மாதிரிப் பயிலரங்கில் அதுதான் முறை. கட்டுரை முன்னாலேயே எல்லாருக்கும் போய்விடும். டிஸ்கஸன்ட் என்று ஒருவர் அதை விரிவாகப் படித்துக் கருத்துச் சொல்வார், பிறகு அறையில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். எழுதியவர் வாசித்துக் காட்டுவது கிடையாது. அழைப்பிதழில் இது ஒரு வரியாக இருந்திருக்கிறது. எனக்குத்தான் அதன் அர்த்தம் தெரியவில்லை. கையில் இருந்த பன்னிரண்டு தாளில் எதைப் படிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் முதல் தாளைப் பாதி வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

டிஸ்கஸன்ட் பதினைந்து நிமிஷம் பேசினார். கடுமையாக ஒன்றும் பேசவில்லை. முடிந்த ஆய்வு ஒன்றை எப்படி மதிப்பிடுவார்களோ அப்படி மதிப்பிட்டார், ஏனென்றால் நான் கொடுத்தது அப்படித்தான் இருந்தது. இந்த வாதத்துக்குப் போதுமான ஆதாரம் இல்லை, அந்த விவாதத்தோடு உறவு காட்டப்படவில்லை, பஞ்சம் பற்றிய கோட்பாட்டு எழுத்துகள் எங்கே என்று வரிசையாகக் கேட்டார். கும்மியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது முப்பத்தெட்டாம் பக்கத்துக்கு அப்புறம்தான் வந்தது. அந்தப் பக்கம் வரை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று இன்றைக்கு யோசித்தால் யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. இரண்டு நாளில் பதினோரு கட்டுரை. யாரால் 62 பக்கம் படிக்க முடியும்?

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. பின்வரிசையில் இருந்த வயதான பொருளாதார வரலாற்றாசிரியர் ஒருவர் 31ஆம் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். சேலத்தில் கேழ்வரகு விலை மாதாமாதம் எப்படி மாறியது என்று நான் போட்டிருந்த கிராஃப் அது. அவர் ஆங்கிலத்தில், மெதுவாகத்தான் கேட்டார்: "உங்கள் எழுத்து விலை ஏறியது என்கிறது. உங்கள் படம் இறங்கியது என்கிறது. நான் எதை எடுத்துக்கொள்ள?" எல்லாரும் தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. நான் பார்த்தேன். கோடு 1876 கடைசியிலிருந்து சரசரவென்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த மாதங்களில் தானியம் மலிவாகிக்கொண்டே போனதாக என் படம் சொன்னது.

என்ன நடந்தது என்று இப்போது சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்தக் காலத்து அரசு விலைப்பட்டியல், ஒரு சேர் என்ன விலை என்று எழுதாது. ஒரு ரூபாய்க்கு எத்தனை சேர் கிடைக்கும் என்றுதான் எழுதும். ரூபாய்க்கு 20 சேர் என்றால் மலிவு, 8 சேர் என்றால் கிராக்கி. எண் குறைந்தால் விலை ஏறுகிறது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும், பத்தியில் சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஹாஸ்டலில் ராத்திரி உட்கார்ந்து எண்களை எக்செல்லில் ஏற்றியபோது அந்த எண் வரிசைக்குத் தலைப்பாக 'விலை' என்று மட்டும் போட்டிருக்கிறேன். ஆறு மாதம் கழித்து அந்தத் தலைப்பை நம்பி கிராஃப் போட்டேன். மொழி திருத்தியவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அந்த வரலாற்றாசிரியர் அடுத்ததாக, "இந்தச் சேர் எந்தச் சேர்?" என்றும் கேட்டார். அரசுச் சேர் 80 தோலா, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சென்னை மாகாணத்தின் பழைய எடைக் கணக்கில் சேர் என்றால் 24 தோலா, கால் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். என் பட்டியலில் எது எங்கிருந்து வந்தது என்று அந்த நிமிஷம் என்னால் சொல்ல முடியவில்லை. ஆங்கிலம் வரவில்லை. உண்மையில் தமிழும் வந்திருக்காது. மிச்ச நேரம் முழுக்க அந்தப் படத்தைப் பற்றியே போனது. என் கேள்வியை நான் கேட்கவேயில்லை.

அன்று ராத்திரி அறையில் அழுதேன். ஒரு நாள் தங்கத்தான் அவர்கள் ஏற்பாடு. ரயில் நேரம் ஒத்துவராததால் மேலும் இரண்டு நாள் சொந்தச் செலவில் தங்கினேன், அது 3,600. ரயில் போகவர 4,300. எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று அச்சடித்துச் சுருள் போட்டு எடுத்துப்போன பிரதிகள் 1,450. மொழித் திருத்தத்துக்குக் கொடுத்ததையும் சேர்த்து மொத்தம் 20,550. பயணப்படி ஸ்லீப்பர் கட்டணம் மட்டும்தான் என்று அங்கே போனபிறகு தெரிந்தது. 1,460 ரூபாய் ஐந்து மாதம் கழித்து வந்தது. போகிறதற்கு முன்னால் பயணப்படி எந்த வகுப்புக்கு, எத்தனை நாள் தங்கலாம், எந்த ரசீது வேண்டும் என்று மெயிலில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று நான் கூச்சப்பட்டேன். யாரும் நினைக்க மாட்டார்கள்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு நேரம். திரும்பி வந்து ஏழு மாதம் அந்த அத்தியாயத்தைத் திறக்கவில்லை. எழும்பூருக்குப் போவேன், வேறு ஏதாவது கட்டு கேட்டு வாங்கிப் புரட்டுவேன். கைடு கேட்டால் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன் சார் என்பேன். வீட்டில் ஒர்க்‌ஷாப் நன்றாக நடந்தது என்று சொல்லிவிட்டேன். மதினி சந்தோஷப்பட்டார், எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பதினான்கு மாத உழைப்பும் தப்பு என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. தப்பு ஒரு படத்தில், ஒரு தலைப்பில். படத்தைத் திருப்பிப் போட ஒரு மத்தியானம் போதும். ஆனால் அவமானம் வந்துவிட்டால் இந்தக் கணக்கு புத்தியில் ஏறுவதில்லை. அந்த ஏழு மாதத்தில் யாரிடமாவது ஒரு தடவை சொல்லியிருந்தால் ஏழு வாரத்தில் முடிந்திருக்கும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

கடைசியில் சொன்னது காப்பகத்தில் பக்கத்து மேஜையில் உட்காரும் ஓர் அக்காவிடம். அவர் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, காத்திருந்தவர். கேன்டீனில் டீ ஆறுகிற வரைக்கும் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, "அவங்ககிட்ட உனக்கு என்ன வேணும்னு சொன்னியா?" நான் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது. "நீ சொல்லலைன்னா, அவங்ககிட்ட எது இருக்கோ அதைத்தான் கொடுப்பாங்க" என்றார். கோட்பாடு படிக்கிறவர் கோட்பாட்டைக் கேட்பார், எண் பார்க்கிறவர் எண்ணைப் பார்ப்பார். அவர் தன் அத்தியாயங்களை மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது முன்னால் ஒரு பக்கம் வைப்பாராம். எனக்கும் ஒன்றைக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் நான் என்னுடையதை எழுதினேன்.

அந்த முகப்புப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில், இது எந்த நிலையில் இருக்கிறது என்று இரண்டு வரி: ஆய்வேட்டின் எத்தனையாவது அத்தியாயம், அதில் எந்தப் பகுதி, எப்போது எழுதியது. அடுத்து, எனக்கே தெரிந்த குறைகள். சேர் அளவு இரண்டு தாலுக்காக்களில் இன்னும் உறுதியாகவில்லை என்று நானே எழுதிவிட்டால், அதைக் கண்டுபிடிக்க யாரும் பத்து நிமிஷம் செலவழிக்க வேண்டாம். தெரிந்தவர் இருந்தால் வழி சொல்வார். அதற்குக் கீழே மூன்று கேள்விகள். மூன்றுக்கு மேல் போனால் எதற்கும் பதில் கிடைக்காது. கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். 'எப்படி இருக்கிறது' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்பார்கள். நான் கேட்டது இந்த மாதிரி: கும்மியில் கஞ்சித்தொட்டி வருகிற இந்த இரண்டு இடங்களையும் 1877 தொடக்கத்தில், இந்திய அரசு அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியில் தானியப் பங்கை ஒரு பவுண்டாகக் குறைத்ததற்கு எதிர்வினையாகப் படிக்கலாமா? சென்னை மாகாணத்தின் சானிட்டரி கமிஷனர் (சுகாதார அதிகாரி) கார்னிஷ் அந்தக் குறைப்பை எதிர்த்து எழுதியவற்றுக்குப் பக்கத்தில் இந்தப் பாட்டை வைத்தால் வாதம் தாங்குமா? கடைசி வரி: வரைவு, என் அனுமதி இல்லாமல் மேற்கோள் காட்டவோ பிறருக்கு அனுப்பவோ வேண்டாம். இந்த வரியையும் தேதியையும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போட்டேன். அனுப்பும் பி.டி.எஃப்.ஐ அதே நாளில் கைடுக்கும் மெயில் செய்துவிட்டேன். யாரையும் சந்தேகப்பட்டு இல்லை. எது எப்போது எழுதியது என்று பின்னால் கேள்வி வந்தால் அந்த மெயில் பதில் சொல்லும்.

இரண்டாவது முறை போனது தமிழ்நாட்டிலேயே ஒரு வரலாற்றுத் துறையின் வாராந்தரக் கூட்டம். பத்துப் பதினைந்து பேர்தான் வருவார்கள். பதினான்கு பக்கம் மட்டும் அனுப்பினேன், அதுவும் பத்து நாள் முன்னால். வரிகளுக்கு எண் போட்டிருந்தேன். 'நான்காம் பக்கம் 17ஆவது வரி' என்று சொன்னால் எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போய்விடும், தேடுகிற நேரம் மிச்சம். மூலத்தின் படத்தையும் சேர்த்தேன். விலைப்பட்டியல் ஒரு பக்கம், கும்மிப் பிரதியில் ஒரு பக்கம். என் வாதத்தை நம்பாதவர்கூட மூலத்தைப் பார்த்துப் பேச முடியும். என் பழைய பிரதியில் அந்தப் பட்டியலின் படம் இருந்திருந்தால் 'ரூபாய்க்குச் சேர்' என்ற தலைப்பை என் கண்ணே பிடித்திருக்கும். தமிழில் பதில் சொல்லலாமா என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டேன், தாராளமாக என்றார்கள். கூடப் படிக்கிற தோழியை அழைத்துப்போய் குறிப்பெடுக்கச் சொன்னேன். இது மிக முக்கியம். உங்கள் எழுத்தைப் பற்றிப் பேசும்போது காது அடைத்துக்கொள்கிறது, திட்டு மட்டும்தான் உள்ளே போகும். தோழியின் நோட்டில் இருந்த பாராட்டுகளில் பாதியை நான் கேட்கவே இல்லை. எல்லாக் கேள்விக்கும் அங்கேயே பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லி எழுதிக்கொள்ளலாம், அது மரியாதையான பதில்தான்.

அன்று ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை, கும்மிப் பக்கத்தின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "ஏம்மா, இதுல ஆடின்னு வருதே, அதை எந்த வருஷம்னு எடுத்திருக்க?" என்றார். தாது என்றேன். "தாது ஆடின்னா 1876 ஜூலை, ஆகஸ்ட். அப்ப ஏது இத்தனை கஞ்சித்தொட்டி? கூலிக் குறைப்பே அதுக்கப்புறம்தானே?" என்றார். தாது வருஷம் 1877 ஏப்ரலில் முடிந்து ஈஸ்வர வருஷம் பிறந்துவிடுகிறது. ஜனங்கள் மொத்தப் பஞ்சத்தையும் தாது வருஷப் பஞ்சம் என்றே சொன்னார்கள். அந்தப் பெயரை நம்பி, பாட்டில் வரும் மாதங்களை எல்லாம் நான் தாதுவில் போட்டு வைத்திருந்தேன். ஈஸ்வர ஆடி என்று எடுத்தால் 1877 ஜூலை, ஆகஸ்ட். டெம்பிளின் கூலிக்கு அப்புறம், முகாம்கள் நிரம்பி வழிந்த காலம். கோப்பும் பாட்டும் ஒன்றோடொன்று பேச மறுத்ததற்கு ஒரு வருஷ வித்தியாசமும் ஒரு காரணம்.

இதுவும் தப்புதான், முதல் தப்பைவிடப் பெரிய தப்பு. கிராஃப் ஒரு பக்கம், இது வாதத்தின் அடித்தளம். ஆனால் அன்று நான் அழவில்லை. கேள்வியை நான்தான் கேட்டிருந்தேன், அவர் சொன்னது அதற்குப் பதில். என் பிரதியை வாங்கி ஓரத்தில் பென்சிலால் 'ஈசுவர ஆடி' என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வந்ததும் எதையும் மாற்றவில்லை. தோழியின் குறிப்பை ஒரு வாரம் அப்படியே வைத்திருந்தேன். சூட்டோடு சூடாகத் திருத்த உட்கார்ந்தால் சொன்ன எல்லாவற்றையும் செய்யத் தோன்றும், அத்தியாயம் யாருடையது என்றே தெரியாமல் போகும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது உடனே சரிசெய்ய வேண்டியது நான்கு, வேறு அத்தியாயத்துக்குப் போக வேண்டியது இரண்டு, மிச்சம் எல்லாம் நல்ல யோசனைகள், ஆனால் வேறு யாரோ எழுத வேண்டிய ஆய்வுக்கானவை. அவற்றைத் தனி நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். கருத்துச் சொன்ன ஆறு பேருக்கும் இரண்டு வரி நன்றி எழுதினேன். முதல் பயிலரங்கில் கேள்வி கேட்டாரே, அவருக்கும் ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து எழுதினேன், திருத்திய கிராஃபை இணைத்து. மறுநாளே பதில் வந்தது. சேர், படி அளவுகளுக்கு மாவட்ட மேனுவல்களில் எங்கே பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அன்றே அவரிடம் போய்ப் பேசியிருக்கலாம். டீ இடைவேளையில் அவர் என் பக்கம் வந்ததைப் பார்த்துவிட்டு நான்தான் வெளியே போய்விட்டேன்.

மாதங்களை மறுபடி அடுக்கி அத்தியாயத்தை தை மாதம் கைடிடம் கொடுத்தேன். 41 பக்கமாகக் குறைந்திருக்கிறது. இரண்டு தாலுக்காக்களின் சேர் கணக்கு இன்னும் தீரவில்லை, அதற்காக அடுத்த வாரம் எழும்பூர் போகிறேன். ஆய்வை மதிப்பிடும் டாக்டரல் கமிட்டி மீட்டிங் அடுத்த மாதம். மேஜையில் இப்போது இருப்பது முகப்புப் பக்கம் மட்டும்தான், மூன்றாவது கேள்வி இன்னும் சரியாக வரவில்லை.